கணவாய் ஓடு, மஜ்ஜை, ரோஸ் நிறம்

ஆகஸ்ட் 5
கணவாய் ஓட்டை எலும்புக் கனிமமாக மாற்றி, அதன்மேல் மஜ்ஜை செல்லை எலும்புச் செல்லாக வளர்க்கணும்; அதுதான் வேலை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து குளச்சலில் விசைப்படகுகள் இறங்கியாச்சு. கணவாய் வெட்டுகிற இடத்தில் ஓடு சும்மாவே கிடைக்கிறது. கரை ஒதுங்கியது வேண்டாம். துளைக்குள் மணலும் பாசியும் ஏறியிருக்கும். முதுகுப்பக்கத்துக் கெட்டித் தகட்டைச் சுரண்டிவிட்டு, உள்ளே இருக்கிற மாவுப் பகுதியை மட்டும் 5 மி.மீ. கட்டிகளாக அறுக்கணும். அழுத்தினால் பொடிந்துவிடும், பிளேடை இழுத்து இழுத்துத்தான். பவளமும் இதே அரகோனைட்தான் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்), ஆனால் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆகஸ்ட் 6
ஓட்டிலுள்ள கரிமப் பொருள் எரிய 350 டிகிரி, 3 மணி நேரம். முடி பொசுங்கின வாடை. சூடு கூடிவிட்டால் அரகோனைட் கால்சைட்டாகிவிடும், அதே பொருளின் இன்னொரு படிகம். இன்னும் கூடினால் வெறும் சுட்ட சுண்ணாம்பு.

ஆகஸ்ட் 7
1 கிராம் ஓட்டுக்கு 0.79 கிராம் டை அமோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், 10 மி.லி. தண்ணீர். கால்சியம் 10க்குப் பாஸ்பரஸ் 6, எலும்புக் கனிமமான ஹைட்ராக்ஸி அபடைட்டின் விகிதம். வயலுக்கு வீசுகிற டி.ஏ.பி.யும் பெயருக்கு இதே உப்புதான்; மூட்டையில் இருக்கிற கசடு செல்லுக்கு ஆகாது. டெஃப்லான் குடுவையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். 200 டிகிரியில் தண்ணீர் விரியும். 48 மணி நேரம்.

ஆகஸ்ட் 8
மழை. கரண்ட் மூன்று தடவை போனது.

ஆகஸ்ட் 10
நன்றாக ஆறின பிறகு திறந்தும் அமோனியா கண்ணைக் கரிக்கிறது. எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 31.8 டிகிரியில் ஹைட்ராக்ஸி அபடைட் உயரமாக நிற்கிறது. 25.9-இல் அதற்கே இன்னொரு மேடு உண்டு. அதன் தோளில் 26.2-இல் அரகோனைட் மிச்சம். அந்தத் தோள் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 13
எலும்பு மஜ்ஜை வந்தது. ஒரு இடத்தில் 2 மி.லி. இழுத்ததும் ஊசியை மாற்றிக் குத்தணும்; அதற்குமேல் வருவது பெரும்பாலும் ரத்தம். ரத்தம் உறையாமலிருக்க சிரிஞ்சில் ஹெப்பாரின் முன்னாடியே. 1.077 அடர்த்தியுள்ள ஃபிகால் கரைசலின் மேல் சுவரோரமாக மெல்ல விட்டு, சென்ட்ரிஃபியூஜில் 400 ஜி, 30 நிமிடம். பிரேக் போடக்கூடாது. போட்டால் நடுவில் நிற்கிற மங்கலான வெள்ளை வளையம் (வேண்டிய செல் அதில்தான்) கலைந்து, சிவப்பணுவோடு சேர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 14
செல் தட்டில் ஒட்டுகிற நேரம். தட்டை ஆட்டாதே.

ஆகஸ்ட் 16
ஒட்டாததைக் கழுவியாச்சு. ஒட்டி நிற்பது ரொம்பக் கொஞ்சம். வேண்டிய ஸ்டெம் செல் மஜ்ஜையில் பல்லாயிரத்தில் ஒன்றுதானே.

ஆகஸ்ட் 17
செல் இல்லாத கட்டியை மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்; காரம் கூடினால் அதன் சாயம் ரோஸாகும்) போட்டது. ராத்திரிக்குள் ரோஸ், மஞ்சளில் சுண்ணாம்பு பட்ட மாதிரி. கட்டி போடாத குழி பழைய நிறத்திலேயே இருக்கிறது. ஆக, குற்றம் கட்டியில்தான். மிஞ்சிய காரம் போகக் கழுவியது போதவில்லை.

ஆகஸ்ட் 18, 19, 20
கழுவல். இன்னும் ரோஸ். இன்னும் ரோஸ். கொஞ்சம் தேவலை.

ஆகஸ்ட் 26
தட்டு 80 சதவீதம் நிறைந்தது; டிரிப்சின் போட்டுச் செல்லைப் பிரித்தது. கட்டியை மீடியத்தில் மூழ்க வைத்து வேக்கம் பிடித்தால் குமிழ் வெளியேறி அடியில் இறங்கும். மிதக்கிற கட்டியில் செல்லை விட்டால் காற்றின் மேல்தான் உட்காரும். கட்டிக்கு 20 மைக்ரோ லிட்டரில் 5 லட்சம் செல். இரண்டு மணி நேரம் கழித்து மீடியம் நிரப்பியது.

ஆகஸ்ட் 27
செல்லை எலும்புச் செல்லாக்க மீடியத்தில் டெக்ஸாமெத்தசோன் 10 நானோ மோலார், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லி மோலார், அஸ்கார்பிக் அமிலம் மி.லி.க்கு 50 மைக்ரோ கிராம். கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயத்தை நம்ப முடியாது, வெறும் கட்டியே சிவக்கும். எலும்புச் செல்லின் என்சைமான அல்கலைன் பாஸ்பட்டேஸ்தான் பார்க்கணும்.

ஆகஸ்ட் 30
எல்லாக் குழியும் ரோஸ். கட்டி போடாததும். அப்படியென்றால் கட்டி இல்லை. இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் முள் பூஜ்யத்தில்; அது இல்லாவிட்டால் மீடியம் தானாகவே காரமாகும்.