1855-ஆம் ஆண்டு பாணி விருந்துப் பூவளையம்: வேலைக் குறிப்பு

பிப்ரவரி 3

தலையில் சூடும் பட்டுப் பூவளையம் செய்கிறேன். ஓவியர் வின்டர்ஹால்டர் 1855-இல் வரைந்த பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி, தோழியர் ஓவியம்தான் மாதிரி. நடுவகிடு, காதை மூடி வாரிய முடி, பிடரியில் தாழ்ந்த கொண்டை. பூவும் அந்த முடியின் போக்கிலேயே போக வேண்டும்: உச்சியில் மெலிசாக, காதருகே புடைத்து, கொண்டைப் பக்கம் இறங்கி. நெற்றியில் ஏற்றிவிட்டால் அது இந்தக் காலத்துக் கல்யாணப் பூவளையம்தான்.

பிப்ரவரி 4

10 கிராம் ஜெலட்டினைக் கால் லிட்டர் பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு சூடுகாட்டிக் கரைத்தாயிற்று. கொதித்தால் விறைப்புப் போய்விடும். மெல்லிய வெள்ளைப் பட்டுத்துணியை அதில் முக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும். கொடியில் போட்டால் கஞ்சி கீழே இறங்கி ஒரு ஓரம் மட்டும் கட்டியாகிறது.

பிப்ரவரி 6

ஆறு ரோஜா. ஒன்றுக்கு 2 செ.மீ. இதழ் ஐந்து, 3 செ.மீ. ஐந்து, 4 செ.மீ. ஆறு. எல்லாமே கிராஸாக, அதாவது துணியின் நூலுக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும். நேர்நூலில் வெட்டிய முதல் பத்தும் ஓரம் பிசிறி, குழியாமல் நின்றன.

உருண்டை முனை இரும்புக் கருவியைச் சூடாக்கி, மணல் தலையணைமேல் வைத்த இதழின் நடுவில் அழுத்தி ஒரு சுற்று. ஓரம் தானாக எழுந்து கிண்ணம்போல் ஆகிறது. வேலையிலேயே அழகான நொடி அது. முதலில் வைத்துப் பார்க்கும் துண்டுத்துணி மஞ்சளித்தால் சூடு அதிகம், ஆறவிட வேண்டும். ஈரக்காற்று நாளில் இதழ் இரும்போடு ஒட்டும்.

பிப்ரவரி 7

இலைகள் முப்பது, இன்றைய துணிச்சாயத்தில். அன்றைய பச்சைச் சாயம் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த பொடி. லண்டனில் பூச்செய்த மெட்டில்டா ஷூரர் அந்தப் பொடியால் 1861-இல் இறந்தபோது வயது 19. பழைய அசல் இலை கையில் வந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தலையில் வைக்கவே கூடாது.

பிப்ரவரி 9

நூல் சுற்றிய கம்பி, இரண்டு துண்டு, தலா 30 செ.மீ. உச்சியிலிருந்து மொட்டில் தொடங்கி, காம்புகளைப் பிடரி நோக்கிப் படுக்கவைத்துப் பட்டுநூலால் கட்டு. அடுத்த பூ முந்திய காம்பை மறைக்கும். ஒவ்வொரு பாதியிலும் மூன்று ரோஜாவும் காதருகே. இரு பாதியையும் உச்சியில் மொட்டுகள் பின்னும்படி சேர்த்தாயிற்று. காம்புகள் தடித்துக் குவியும் பின்முனைகளை வெல்வெட் ரிப்பன் முடிச்சும் ஐவி கொடியும் மூடுகின்றன.

பிப்ரவரி 10

வளையத்தை முதலில் தலையில் கட்டியது வழுக்கியது. எண்ணெய் வைத்து வாரிய முடியில் ஊசி நிற்காது. காதுக்குப் பின்னால், மேல்முடிக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு பின்னல் போட்டு, கம்பியில் சிறு வளையம் முறுக்கி, ஹேர்பின்னை வளையத்தின் வழியே அந்தப் பின்னலில் குத்தியதும் அசையவில்லை.