ஓரத்தில் நின்றுவிடும் டி செல்கள்

சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆராய்ச்சி வளாகத்தில் ஒரு திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பதித்த கட்டியை 4 மைக்ரான் கனத்தில் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் முறையில் புற்றுசெல் பச்சை, புற்றுசெல்லைக் கொல்லக்கூடிய நோய் எதிர்ப்பு செல்லான சிடி8 டி செல் மஞ்சள், உட்கரு நீலம். நோயாளியின் பெயர் எங்களிடம் வராது, எண் மட்டும்தான்.

டி செல் நிறைய இருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவை எங்கே நிற்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு குடல் புற்றுநோய் ஸ்லைடு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கட்டியைச் சுற்றிலும் மஞ்சள், உள்ளே பச்சை மட்டும். இரண்டுக்கும் இடையில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் போட்ட கொலாஜன் நார். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் தடுப்புக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியடித்து நிற்குமே, அப்படி. "அக்கா, இத்தனை டி செல் வந்திருக்கே, அப்புறம் ஏன் மருந்து கேட்காது?" என்றார் கூட வேலை பார்க்கும் தம்பி. பிடி-1 என்பது டி செல்லைப் பிடித்திருக்கும் பிரேக் மாதிரியான ஒரு புரதம்; பிடி-1 மருந்து அந்த பிரேக்கைத்தான் விடுவிக்கும். அந்த பிரேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி ஹோன்ஜோ 2018-இல் அமெரிக்க விஞ்ஞானி அலிசனோடு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், பெரிய விஷயம்தான். ஆனால் நாரை விலக்கி உள்ளே வழிவிடுவது அந்த மருந்தின் வேலை இல்லை.

சரி, உள்ளே போய்விட்டால் போதுமா? தென்சீன வம்சாவளியினரிடம், குறிப்பாகக் கான்டனீஸ் மக்களிடம், அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயைப் பாருங்கள். கட்டி முழுக்க லிம்போசைட், அதாவது டி செல் உள்ளிட்ட வெள்ளை அணுக்கள், நிறைந்திருக்கும். ஆனாலும் பிடி-1 மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டி சுருங்குவதில்லை. கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் அங்கேயே இருக்கின்றன. இந்தச் சூழலில் சிடி8 செல் களைத்துப்போகிறது.

அதனால்தான் கல்லீரல் புற்றுநோயில் வந்த மாற்றம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டுச் சிகிச்சையில் அட்டெசோலிசுமாப் என்ற மருந்து டி செல்லின் பிரேக்கை விடுவிக்கிறது. கூட வரும் பெவாசிசுமாப் கட்டியின் கோணலான ரத்தக்குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை முடக்குகிறது. அதுவரை வழக்கத்தில் இருந்த சொராஃபெனிப் மருந்தைவிட இந்த ஜோடியில் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்தார்கள். சுற்றுப்புறத்தையும் சேர்த்து மருத்துவம் பார்த்ததற்குப் பலன் இருந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஊசி பயாப்சியில் பல நேரம் கட்டியின் ஓரம் கிடைப்பதில்லை. அதனால் அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டி வரும்போதெல்லாம், நடுப்பகுதியோடு ஓரமும் அதை ஒட்டிய நல்ல திசுவும் இருக்கும் மெழுகுக் கட்டையாகக் கேட்டு வாங்குகிறேன்.