பத்து கிலோமீட்டருக்குள் குடித்தனம்

மலேசியாவில் கொரோனாவுக்காக 2021 ஜூன் 1-ல் தொடங்கிய முழு முடக்கத்தை முதலில் இரண்டு வாரம் என்றார்கள். பிறகு தினசரித் தொற்று 4,000-க்குக் கீழே இறங்கும்வரை என்றார்கள். முடியும் தேதி தெரிந்த அடைப்பு வேறு, தெரியாத அடைப்பு வேறு. 2020 மார்ச் 18-ல் முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஊரே கடைக்கு ஓடி மாவையும் சார்டின் டின்னையும் அள்ளிக்கொண்டு வந்தது. அந்த வித்தை ஒரு தடவைதான் பலிக்கும். 2021-ல் வந்தது கையிருப்பு கரைந்த பிறகு வந்த அடைப்பு.

சாமான் வாங்க வெளியே போக வீட்டுக்கு இரண்டு பேர், பத்து கிலோமீட்டர், கடை காலை 8 முதல் இரவு 8 வரை என்பது அப்போதைய விதி. கோலாலம்பூரில் பத்து கிலோமீட்டர் என்றால் அதற்குள் நாலைந்து சூப்பர்மார்க்கெட் வந்துவிடும். கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் பக்கத்து நகரங்களான சுங்கைப் பட்டாணியும் வட்டத்துக்கு வெளியே, கூலிமும் வெளியே. தோட்டத்து உள் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்குப் பட்டணத்துக் கடைத்தெருவே தூரம்தான். இணையத்தில் சுற்றிய முடக்ககால யோசனைகள் பெரும்பாலும் பால்கனி வீட்டுக்காரர்களுக்கு எழுதியவை: பாய் விரித்து யோகா செய்யுங்கள், ரொட்டி சுடப் பழகுங்கள் என்று. தோட்டத்தில் குலை வெட்டும் வெட்டுக்காரர் ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது உதவாது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வேலைக்குத் தடை இருக்கவில்லை. ஆகவே அப்பா விடிகாலையில் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போனார், மற்ற எல்லாரும் வீட்டில். ஃபேக்டரிக்குப் போய்வந்த மகனும் வீட்டில். பள்ளியில் ஆர்.எம்.டி. திட்டத்தின் இலவசச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளும் வீட்டில். வருமானம் குறைந்த அதே மாதத்தில் அடுப்பில் வைக்கிற பானை பெரிதாகிவிட்டது. முதலில் பிடிக்க வேண்டிய கணக்கு இது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, இரண்டு வேளை சோறு என்றால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ. பத்து கிலோ மூட்டை பத்து நாள். முன்பு பதினைந்து நாள் வந்ததே என்று அம்மாவைக் குறைசொல்ல வேண்டாம்.

விலைக்கட்டுப்பாட்டுச் சாமான்களின் விலையை மனப்பாடமாக வைத்திருங்கள். 2021-ல் பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2.50 வெள்ளி (ரிங்கிட்), சீனி கிலோ 2.85, சாதா கோதுமை மாவு ஒரு கிலோ பாக்கெட் 1.35, உள்ளூர் அரிசி கிலோ 2.60, கேஸ் 14 கிலோ 26.60 (வீட்டில் கொண்டுவந்து போடும் கூலி தனி). பாக்கெட் எண்ணெய்தான் அலமாரியில் முதலில் காலியாகும். மத்தியானம் போனால் போத்தல் எண்ணெய்தான் நிற்கும், அதன் விலையோ அப்போது ஏறிக்கொண்டே போனது. வாசலில் செம்பனைக் குலை லாரி லாரியாகப் போகிற ஊரில் எண்ணெய்க்கு இந்தப் பாடு! அதனால் சாமான் வாங்கும் நாளில் எட்டு மணிக்கே போய்விடுங்கள். எண்ணெய், மாவு, சீனியை முதல் கடையிலேயே முடித்துவிட்டு, காய்கறி அடுத்து, மீனும் கோழியும் கடைசி. மீனை முதலில் வாங்கி மோட்டார் சைக்கிள் கூடையில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றால் வீடு வருவதற்குள் கண் குழிந்து, செவுள் பழுப்பாகிவிடும்.

அடுத்தது ஐஸ் பெட்டி (ஃபிரிட்ஜ்). பத்து நாளைக்கு ஒரு முறை வாங்குகிறவர்களுக்குக் காசு வீணாகும் முக்கியமான இடம் இதுதான்.

கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை வாங்கிய பையோடு அப்படியே உறைய வைக்காதீர்கள். இரண்டு கிலோ மீனும் ஒரே கட்டியாகிவிடும். நாலு மீன் எடுக்க மொத்தத்தையும் இளக்க வேண்டும், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்க வேண்டும். இரண்டாம் தடவை உறைந்த மீன் சதை பிரிந்து குழம்பில் கரையும், வாடையும் வரும். வந்த உடனே செவுள், குடல் எடுத்து, ரத்தம் போகக் கழுவி, நீரை வடித்து, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு எத்தனை துண்டோ அத்தனை ஒரு பையில். பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். சமைக்கும் நாளில் காலையிலேயே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் போதும். கோழிக்கும் இதே முறை.

துருவிய தேங்காய் நம்முடைய வெக்கையில் அரை நாள் வெளியே இருந்தால் புளித்துவிடும். வாங்கிய அன்றே ஒரு குழம்புக்கான அளவு பிரித்து உறைய வையுங்கள். அரைக்கும்போது வெந்நீர் விட்டால் பால் நன்றாக இறங்கும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, கழுவாமல், டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். காம்பில்தான் அழுகல் தொடங்குகிறது. கீரையையும் கழுவி வைப்பது தப்பு. ஈரம் இருந்தால் மறுநாளே இலை குழைந்துவிடும். நியூஸ்பேப்பரில் உதறிச் சுற்றி வைத்து, சமைக்கும் முன் கழுவுங்கள். அப்படியும் கங்கோங் கீரை மூன்று நாளைத் தாண்டாது. எனவே முதல் மூன்று நாள் கீரை, அடுத்த மூன்று நாள் பயற்றங்காய், வெண்டை, கத்தரி, அதற்குப் பிறகு முட்டைக்கோஸ், பூசணி, உருளை என்று சாப்பிடும் வரிசையைக் காய்கறியே முடிவு செய்யட்டும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

தோசை மாவுக்கு ஒரு வார்த்தை. மொத்தமாக அரைத்து மொத்தத்தையும் புளிக்க விட்டால் மூன்றாம் நாள் யாராலும் சாப்பிட முடியாது. அரைத்த உடனே பாதியை உப்புப் போடாமல் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபாதியை மட்டும் வெளியே வையுங்கள். இங்கே ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மழை நாளில் கொஞ்சம் கூடும்.

கொல்லையில் ஆறடி இடம் இருந்தாலே கீரை வாங்க வேண்டியதில்லை. கடையில் வாங்கிய கங்கோங்கிலேயே தொடங்கலாம்: தடித்த தண்டுகளை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, கீழே இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றினால் மூன்று நாலு வாரத்தில் முதல் அறுப்பு. வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி தழையும். இரண்டு மூன்று அறுப்புக்குப் பிறகு தண்டு நார் வைத்துவிடும், அப்போது புதிதாக நடலாம். முளைக்கீரை விதை தூசி மாதிரி பொடி. அதை ஒரு கை மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். தூவியதும் மேலே ஓலையோ பழைய சாக்கோ போட்டு மூடுங்கள், இல்லையென்றால் சாயங்கால மழை ஒரே அடியில் விதையை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும், மிச்சத்தை எறும்பு தூக்கும். முளை தெரிந்ததும் மூடியதை எடுத்துவிட வேண்டும். விட்டால் வெளுத்துச் சாயும். கிட்டத்தட்ட முப்பது நாளில் பறிக்கலாம். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம், கத்தரிக்கு அதற்கும் மேல். பொறுமை இல்லாதவர்கள் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். ஒரு மாதமாவது மக்கி, சூடு போய், நாற்றம் அடங்கிய பிறகுதான் போட வேண்டும். ராத்திரியில் டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்க வேண்டும், கையுறையோடு.

தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து அடிக்கிற வரப்போரமாகப் பாத்தி போடாதீர்கள். களைக்கொல்லிச் சாரல் காற்றில் வந்து கீரையில் உட்காரும். அதைவிட மோசம், காலி மருந்துத் தோம்பை (டப்பாவை) கழுவித் தண்ணீர் பிடிப்பது. எத்தனை தடவை கழுவினாலும் அது வேறு எதற்கும் ஆகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய தோம்புகள் வீட்டுக் கொல்லைகளில் இன்னும் கிடக்கின்றன. கண்டால் மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) ஒப்படைத்துவிடுங்கள்.

இனி இணையவழிப் பாடம். மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவினுடையது, காலை ஆறு மணிக்கு அவரோடு போய்விடும். எட்டு மணி கூகுள் மீட்டுக்கு யார் வருவார்கள்? இதை ஆசிரியரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். வேலையை இரவுக்குள் அனுப்பினால் போதும் என்று பெரும்பாலான தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்தால் பிள்ளை வகுப்புக்கு வராதவன் என்று பதிவாகும். அப்பா வந்த பிறகு ஆளுக்கு முக்கால் மணி நேரம், சோதனை எழுதும் பிள்ளைக்கு முதலில். வாட்சாப் அமைப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். மூன்று வகுப்புக் குழுவும் உறவினர் குழுவும் சேர்ந்து கைப்பேசியை நிரப்பி, கடைசியில் வீட்டுப்பாடப் படம் எடுக்கக்கூட இடம் இருக்காது. மீட்டில் கேமராவை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் டேட்டா மிச்சம். எழுதிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். டியூப் லைட் அடியில் எடுத்தால் கைநிழல் விழுந்து ஆசிரியருக்குப் பென்சில் எழுத்தே தெரியாது. காலையில் கைப்பேசி இல்லாத நேரத்துக்கு, என்.டி.வி.7 அலைவரிசை இருந்த இடத்தில் 2021 பிப்ரவரியில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியான டிடிக் டிவி இருந்தது. நம் கெடாவில் பள்ளி வாரம் ஞாயிறு தொடங்குவதால் வார டேட்டாவைச் சனிக்கிழமை இரவு போடுவது லாபம். வியாழன் போட்டால் வெள்ளி, சனி யூடியூபில் கரைந்துவிடும்.

மனம் கெடுவது எப்போது என்று பார்த்தால் நள்ளிரவு அல்ல, மத்தியானம் இரண்டரைக்கும் நாலரைக்கும் நடுவில்தான். வெட்டு முடித்து வந்தவருக்குத் தூக்கம் வேண்டும். தகரக்கூரை தகிக்கிறது. பெரிய மகன் பத்து மணிக்கு எழுந்து டிவி முன்னால் சாய்ந்தவன் அசையவில்லை. சின்னதுகள் கைப்பேசிக்கு அடித்துக்கொள்கின்றன. சண்டை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வெடிக்கிறது, பிறகு ராத்திரி சாப்பாடுவரை நீள்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டுக்கடை இருந்தது, ஒரு தே தாரேயும் (ஆற்றிய பால் தேநீரும்) நாலு பேச்சும். முடக்கத்தில் பொட்டலம் கட்டி வாங்கி வருவதோடு சரி. ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டைப் பிரியுங்கள். உள்ளறை தூங்குபவருக்கு, கதவு சாத்தி. பிள்ளைகள் கொல்லைப்பக்க நிழலில், கைப்பேசி இல்லாமல். பெரிய மகனுக்குத் தினமும் ஒரே வேலை, அவனுடையது என்று: தண்ணீர் இறைப்பதோ, கோழி அடைப்பதோ, தாத்தாவுக்கு மருந்து கொடுப்பதோ. "சும்மாதானே இருக்கே" என்று ஏவுகிற வேலையை அவன் முகம் சுளித்துத்தான் செய்வான். அது அவன் பொறுப்பு என்று விட்டுவிட்டால் செய்வான். சண்டை கைநீட்டலாக மாறும் வீடுகளும் உண்டு. அதற்கு அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, இருபத்துநான்கு மணி நேரமும். அந்த எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்து வெள்ளைக்கொடி. 2021 ஜூன் கடைசியிலிருந்து உதவி வேண்டும் வீடுகளில் வெள்ளைத்துணி கட்டச் சொன்னார்கள். லயனில் இது லேசில் நடக்காது, நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். ஆகவே கொடி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். யார் வீட்டு மோட்டார் சைக்கிள் இரண்டு வாரமாக நகரவில்லை என்று லயனுக்கே தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அரிசியும் மெகி மீயும் (நூடுல்ஸும்) கொடுத்தார்கள். ஒரே வீட்டில் நாலு மூட்டை அரிசி சேரும், குழம்பு வைக்க ஒரு பல் பூண்டு இருக்காது. ஐந்து பேருக்கு ஒரு வாரம் என்றால் ஏழு கிலோ அரிசி போதும். அதோடு பருப்பு ஒரு கிலோ, மாவு இரண்டு கிலோ, பாக்கெட் எண்ணெய் இரண்டு, ஒரு தட்டு முட்டை, நெத்திலி 300 கிராம், வெங்காயமும் உருளையும் இரண்டிரண்டு கிலோ, பூண்டு, புளி, கறித்தூள், தேயிலை. சீனி கொடுக்கும் முன் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் உண்டா என்று கேளுங்கள். கேஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பலர் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். குழந்தை டயப்பர், பெண்களுக்கான நெப்கின், சவர்க்காரம் மூன்றும் எந்தப் பொட்டலத்திலும் இருப்பதில்லை. அம்மா கையில் தனிப்பையாகக் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள்.

டாப் அப் போட்டு உதவ நினைத்தால், பிள்ளைகள் பாடத்துக்கு எந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுப் போடுங்கள். அப்பாவின் எண்ணுக்குப் போட்டால் அது காலை ஆறு மணிக்கு வெட்டுக்குப் போய்விடும்.