போனமா, எல்வின் ஜோன்ஸா?

ராக், ஜாஸ் இசையின் தலைசிறந்த டிரம்மர் யார் என்று நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம், வேகத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்பவர்கள் பட்டி ரிச்சின் பெயரைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971இல் வெளிவந்த, லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில் ஜான் போனம் வாசிக்க, மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்ட மைக்குகள் பதிவுசெய்த அந்தக் கனத்த, நிதானமான அடியில் வேகமே இல்லை. ஆயினும் கேட்கும்போது அறையின் சுவரே அதிர்வதுபோல் இருக்கும். எல்வின் ஜோன்ஸோ, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில், பல தாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அலையலையாக எழுப்பியவர். 1963இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்தபோது இன்னொரு டிரம்மரான டோனி வில்லியம்ஸுக்கு வயது 17தான். ஆனாலும், சிலர் சிரித்தாலும் சிரிக்கட்டும், என் வாக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் சார்லி வாட்ஸுக்கே. ஜாஸில் ஊறிய அவர், ஸ்நேர் என்ற கூர்மையாக ஒலிக்கும் டிரம்மை அடிக்கும் கணத்தில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டுகளிலிருந்து வலக்கையைச் சற்றே தூக்கிக்கொள்வார். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஸ்நேரின் ஒலி தனித்துத் தெறிக்கிறது.