வாப்பாவின் ஹெரால்டை நேரடியாக விற்ற அனுபவம்

கடற்கரை ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள், அதை எங்கே விற்பது என்று தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடித்துக்கொள்ள வேண்டும். கார் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. அடியில் துரு எதுவரை ஏறியிருக்கிறது என்பது மற்றொன்று. இவை இரண்டும் தெளிவானால் யாரிடம் விற்பது என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும். கீழக்கரையில் எங்கள் வாப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்றபோது நான் கண்டது இதுதான்.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் செய்யப்பட்ட கார் இது. 948 சிசி இன்ஜின், ஆரம்பத்தில் இரண்டு கதவுகள், இத்தாலியரான மிக்கெலாட்டியின் வடிவமைப்பு. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் சாயும். உள்ளே இன்ஜினின் எந்த மூலைக்கும் கை போகும். 1962இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், இதே சேசிஸை, அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தை, சுருக்கிச் செய்யப்பட்டதுதான். விற்கும்போது இந்த உறவு நமக்குப் பெரிய பலம். ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கும் பல பாகங்கள் ஹெரால்டுக்கும் பொருந்தும் என்று வாங்குபவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

வாப்பா மவுத்தான பிறகு காரை எடுத்து ஓட்ட ஆளில்லை. தம்பி துபாயில் இருக்கிறான், லாத்தா (அக்கா) சென்னையில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கீழக்கரையில் ஜன்னல் கம்பியே உப்பு பூத்துவிடும்; ஷெட்டில் சும்மா நிற்கும் கார் எத்தனை வருடம் தாங்கும்? உம்மாதான் முதலில் சொன்னார்கள்: "இங்கே நின்று மக்குவதைவிட, ஓட்டுகிறவர் கைக்குப் போகட்டும்."

முதலில் பெயர் மாற்றம். இறந்தவர் பெயரில் இருக்கும் காரை அப்படியே விற்க வழியில்லை. வாரிசுதாரர் படிவம் 31இல் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; அதற்கு மூன்று மாதக் கெடு உண்டு. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்து ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தேன். எங்களுடையது பழைய ஆர்.சி. புத்தகம். அதன் விவரங்கள் கணினியில் ஏறியிருக்கவில்லை. அதை ஏற்றிய பிறகுதான் மற்ற வேலைகள் நகர்ந்தன. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரிண்டும் கேட்டார்கள். துருவும் பெயின்டும் அடைத்திருந்த எழுத்துகளை மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்து எடுத்தபோதுதான், 'மூன்று' என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு எண் 'எட்டு' என்று தெரிந்தது. புத்தகத்திலும் எட்டுதான். விற்கக் கிளம்பும் முன் இந்தப் பிரிண்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

50 ஆண்டு கடந்த கார்களை 'விண்டேஜ்' என்று பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். விற்பவர் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேகரித்து வைப்பவருக்கு அது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்ட நினைப்பவருக்குப் பிடிக்காது. ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருந்து, முடிவை வாங்குபவரிடம் விட்டுவிடுவது நல்லது.

பிறகு வழிகளைப் பார்த்தேன். பழைய கார் வியாபாரி ஒருவர், காரின் அடியைக் குனிந்துகூடப் பார்க்காமல் இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். கல்யாண ஊர்வலத்துக்கு விட வேண்டும், கூரையைக் கழற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். ஹெரால்டின் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றலாம். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. ஒரு புரோக்கர், விற்றதைத் தெரிவித்துப் பெயர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள், ஆள் கிடைத்ததும் நிரப்பிக்கொள்கிறேன் என்றார். இதற்கு மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள். கார் கைமாறிய பிறகும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாலு கை மாறி யாரோ ஒருவர் இடித்தால், நோட்டீஸ் நம் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஆகவே ஹெரால்டு வைத்திருப்பவர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பழைய கார்க்காரர்கள் ஒருவருக்கொருவர் நன்கு அறிமுகமானவர்கள். ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேருக்குச் செய்தி போய்விடும். அழகான படங்களுக்கு முன்பாகத் துருவின் படங்களை அனுப்பினேன். ஹெரால்டில் உடல் வேறு, சேசிஸ் வேறு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். எங்கள் காரில் இடது பக்கக் கை ஒன்றில் விரல் நுழையும் ஓட்டை இருந்தது. மதுரையில் டிங்கரிங் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அதைக் கழித்தே விலை சொன்னேன். ஓட்டையைப் பட்டி என்ற பசையால் அடைத்து மறைத்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. பழைய கார் வாங்குகிறவருக்குப் பட்டி தெரியாமலா இருக்கும்?

கோயம்புத்தூரிலிருந்து வந்த பெரியவர், வந்ததும் டீயைக்கூட ஒதுக்கிவிட்டுத் தரையில் சாக்கு விரித்துப் படுத்தார். துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுக்குக் கீழே மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். தகரம் உள்ள இடத்தில் ஒட்டும், பட்டி உள்ள இடத்தில் நழுவும். பிறகு முன் சக்கரத்தைத் தொட்டுக் கேட்டார்:

"தம்பி, ட்ரன்னியனுக்குக் கிரீஸா, ஆயிலா?"

"கியர் ஆயில்தான் ஐயா. வாப்பா கிரீஸ் வைக்க விடமாட்டார்கள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. முன் சக்கரம் திரும்பும் அந்தப் பித்தளை மூட்டில் கிரீஸ் அடைத்தால் இறுகி, ஒருநாள் ஓடும்போதே முறிந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரிடம்தான் ஹெரால்டைக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். வாப்பாவின் சர்வீஸ் நோட்டையும், பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்த பிறகு அதன்மேல் காரை நிறுத்தி எடுத்த படத்தையும் காட்டினேன். அதற்கு முன் ராமேசுவரம் தீவுக்குக் கார் ஓட்டிச் செல்லச் சாலையே கிடையாது என்றதும், அந்தப் படத்தையும் சேர்த்துக் கேட்டார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். பேரம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே வந்தது. ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இருவரின் பான் எண்ணும் தேவைப்பட்டது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு, அவர் பெயர் நிரப்பிய 29, 30 படிவங்களில் கையெழுத்திட்டேன். படிவம் 28இல் தடையில்லாச் சான்றும் வாங்கிக் கொடுத்தேன். காரை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்த நிமிடத்துக்குப் பிறகு ஏதாவது அபராதமோ விபத்தோ வந்தால் காட்ட நம் கையில் ஒரு தாள் வேண்டும். விற்றதை 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. வாங்கியவர் செய்துகொள்வார் என்று விடக்கூடாது.

சேசிஸ் இருந்த நிலையில் அவ்வளவு தூரம் ஓட்டிப் போக வேண்டாம் என்று நானே சொன்னேன். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பெயர் மாறிவிட்டதை, வாகனப் பதிவு விவரங்கள் இருக்கும் பரிவாகன் இணையதளத்தில் பார்த்த பிறகு பணத்தை உம்மா, லாத்தா, தம்பி, நான் என இஸ்லாமிய மார்க்கக் கணக்குப்படி பிரித்துக்கொண்டோம். ஷெட்டைக் காலி செய்தபோது கிடைத்த பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரையும் ஒரு டப்பா நட்டு போல்ட்டையும் பெரியவருக்குப் பார்சலில் அனுப்பிவைத்தேன்.