காசு கொடுத்துக் காசு வாங்காமல்: ஏழு மாதக் கணக்கு

இதுவரை வங்கியில் வாங்கிப் பிரித்துப் பார்த்த சில்லறைப் பொட்டலங்கள் 58. பொட்டலத்துக்கு நூறு என்றால் 5,800 காசு. அவற்றில் 31 பொட்டலம் ஐந்து ரூபாய், 14 பொட்டலம் இரண்டு ரூபாய், மீதி 13 ஒரு ரூபாய். தேடிய நான்கு நினைவுக் காசுகளில் பாதிதான் இவற்றில் கிடைத்தது. மீதி ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

தொடக்கம் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாக வந்த ஓர் ஐந்து ரூபாய். அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் வெளிவந்த காசு. அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. எத்தனை முறை என் கையில் வந்து போயிருக்கும்! ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று இரவே நோட்டில் நான்கு பெயர்களை எழுதினேன்: திருவள்ளுவர் (எட்டாவது உலகத் தமிழ் மாநாடு, 1995), காமராஜர் (2003), அண்ணா (2009), தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு (2010). நான்கும் ஐந்து ரூபாய்க் காசுகள். நான்கையும் புழக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும், காசு கொடுத்துக் காசு வாங்கக் கூடாது என்பதுதான் விதி. நாணயக் கடைக்குப் போனால் ஒரே மாலையில் முடிந்துவிடும் வேலை என்று தெரியும். அதனால்தான் இந்த விதி.

முதல் மாதம் வீண். வங்கியில் சில்லறை கேட்டதும் காசாளர் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார்; சில்லறை வேண்டும் என்று யாரும் வருவதில்லை, கட்டத்தான் வருகிறார்கள். வீட்டில் பிரித்தால் எல்லாம் பளபளப்பான புதுக் காசு. ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, நூறும் நூறு இரட்டைப் பிள்ளைகள். ஐந்து பொட்டலம் இப்படிப் போனபிறகுதான் கேட்கும் விதத்தை மாற்றினேன்: "புதுசு வேண்டாம் சார், கடைக்காரர்கள் கட்டிய பழைய சில்லறை இருந்தால் கொடுங்கள்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் என்ன, பொட்டலம் வந்துவிட்டது.

பார்த்து முடித்த காசை எங்கே கட்டுவது என்பது தனிச் சிக்கல். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கட்டினால் அதே பொட்டலம் அடுத்த வாரம் நமக்கே வரும். இது நடந்தது. நான் மூலையில் பேனாவால் புள்ளி வைத்திருந்த பொட்டலம், அதே புள்ளியோடு திரும்பி வந்தது. அதிலிருந்து வாங்குவது ஒரு கிளை, கட்டுவது இன்னொரு கிளை. பாலித்தீன் பையில் நூறு நூறாகப் போட்டுக் கட்டுவது நல்லது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருப்பதால் அப்படியே கொண்டுபோகிறேன். இருந்தும் ஒருநாள், "மெஷின் எண்ணிக் கொடுத்ததை எதற்கு சார் வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிவிட்டு வருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல வரவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

பார்க்கும் முறை இப்போது ஓரளவு கைக்குப் பழகிவிட்டது. பழைய தாம்பாளத்தில் கொட்டுவேன். காந்தத்தை மேலே ஓட்டினால் எவர்சில்வர் காசுகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். (அடுக்களை எவர்சில்வரில் பல காந்தத்தில் ஒட்டாது, காசுக்கு எடுக்கும் எஃகு வேறு வகை.) இரண்டு ரூபாயில் இது கத்தி வைத்தாற்போல் பிரிக்கும்: 2004 வரை வந்த பதினொரு பக்கக் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது, 2005 முதல் வந்த வட்டக் காசு ஒட்டும். பிறகு மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் ஆண்டுக்குக் கீழே பார்க்க வேண்டும், காசு அடித்த நாணயச்சாலையின் குறி அங்கேதான் இருக்கும். வைரம் போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

அந்த "ஒன்றுமே இல்லை"யில்தான் முதல் இரண்டு மாதம் ஏமாந்தேன். நோட்டில் கொல்கத்தாக் காசுகள் எக்கச்சக்கமாக ஏறிக்கொண்டே போயின. ஒருநாள் அவற்றில் சிலவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், அழுக்கு விலகி அடியில் புள்ளி தெரிகிறது. அத்தனையும் நொய்டா. தேய்ந்த சாய்சதுரமும் இப்படித்தான் ஏமாற்றும். கொல்கத்தாப் பத்தியை முழுக்க அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதற்குள் பாதிக் காசு வங்கிக்கே திரும்பிப் போயிருந்தது.

ஊறப்போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய கோயில் காசு மூன்றாம் மாதம் கிடைத்தது, கொஞ்சம் கறுத்திருந்தது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்த புத்தி. இதுவும் நிக்கல் பித்தளைதானே என்று புளியைப் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று, கூடவே நிறமும் போயிற்று. கோபுரத்துக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, மாற்ற மனம் வரவில்லை. யாராவது சுத்தம் செய்யலாமா என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஒரு ரூபாய்ப் பொட்டலங்களைச் சும்மா பார்க்கலாமே என்றுதான் வாங்கினேன். எதிர்பாராத சரக்கு அங்கேதான் இருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதியில் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் காசு அடித்து வாங்கியது. 1997 என்று போட்ட ஒரு ரூபாயின் கீழே எம் என்ற எழுத்து, அதன் தலையில் குட்டி வட்டம்: மெக்சிகோ. 1998இல் எம்.கே. என்று இருந்தால் ஸ்லோவாகியாவின் கிரெம்னிட்சா. மெக்சிகோ மூன்று, கிரெம்னிட்சா ஒன்று கிடைத்தன. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த ரூபாய் இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே பஸ் டிக்கெட்டுக்கும் வெற்றிலைக்கும் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறது. அதே 13 பொட்டலத்தில் இன்னொன்றும் வந்தது: 1995 மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர், ஆனால் ஒரு ரூபாய். அந்த மாநாட்டுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து என்று மூன்று மதிப்பிலும் காசு வந்தது. நோட்டில் நான் எழுதியிருந்தது ஐந்து ரூபாய்தான்.

இங்கேதான் கணக்கு இடித்தது. 1995 ஒரு ரூபாய் கிடைக்கிறது, அதே மாநாட்டின் ஐந்து ரூபாய் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஒரு ரூபாய் நான்கு கிடைக்கிறது, 1999இல் மாஸ்கோவில் அடித்த ஐந்து ரூபாய் (ரஷ்ய எழுத்தில் எம்.எம்.டி. என்று இருக்கும்) ஒன்றுகூட இல்லை. வயது ஒன்றுதான், உலோகம்தான் வேறு. ஒரு ரூபாய் எவர்சில்வர். அந்தக் கால ஐந்து ரூபாய் ஒன்பது கிராம் எடையுள்ள செம்பு-நிக்கல். பழைய ஐந்து ரூபாய்களை பங்களாதேஷுக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்தார்கள் என்று செய்தித்தாள்களில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2007இல் ஆறு கிராம் எவர்சில்வராகவும், 2009இல் ஆறு கிராம் நிக்கல் பித்தளையாகவும் ஐந்து ரூபாய் இளைத்தது. எனக்குச் சுலபமாகக் கிடைத்த அண்ணாவும் பெரிய கோயிலும் இளைத்த பிறகு வந்தவை. கிடைக்காத வள்ளுவரும் காமராஜரும் கனத்த காலத்தவர்கள். 31 பொட்டலத்தில், அதாவது 3,100 ஐந்து ரூபாயில், ஒன்பது கிராம் காசு மொத்தமே 17. அவையும் சாதா வடிவம்தான்.

இது தெரிந்ததும் எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்துவிட்டார். நூறு காசுக்கு 600 கிராம், ஒவ்வொரு பழைய காசுக்கும் மூன்று கிராம் கூடும். ஆகவே பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுக்களைத் தராசில் வைத்தாலே உள்ளே எத்தனை என்று தெரிந்துவிடும்! அடுத்த வாரமே ஒரு பொட்டலம் 640 கிராம் காட்டியது. பதின்மூன்று பழைய காசு. கை நடுங்கப் பிரித்தேன். ஒன்றுமில்லை. 2019இல் அறிமுகமான புது வரிசை ஐந்து ரூபாய் 6.74 கிராம், அதில் ஐம்பத்து நான்கு இருந்தன. விட்டமும் பழையதைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம், பையின் வெளியிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். தராசைப் பார்த்த கண் காசைப் பார்க்கவில்லை.

பத்து ரூபாய்க்குப் பொட்டலமே வாங்கவில்லை. தேவையும் இல்லை. செல்லாது என்ற வதந்திக்குப் பயந்து எங்கள் பக்கத்தில் பலர் அதைக் கையால் தொடுவதில்லை. என்னிடம் தள்ளிவிட்டால் போதும் என்றிருக்கிறார்கள். பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்து கோடுதான் அசல் என்று ஒருவர் எனக்கே வகுப்பு எடுத்தார். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கயிறு வாரியம், யோகா தினம், தேசிய ஆவணக் காப்பகம் என்று அவற்றில் பதினொன்று சேர்ந்துவிட்டன. வைஷ்ணவி தேவி படம் போட்டது வந்த அன்று வீட்டில் ஒரே பரபரப்பு, லட்சக்கணக்கில் போகுமாமே என்று. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பிழைக் காசு ஒன்றே ஒன்று. நம் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். ஒரு 2 ரூபாயில் சிங்கங்கள் நன்றாகவே சாய்ந்து நின்றன.

போன மாதம்தான் வழி கொஞ்சம் திறந்தது. பக்கத்து வீட்டு அம்மா வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு மண் உண்டியலை இறக்கினார். மகன் பள்ளியில் படித்தபோது போட்டு வைத்து மறந்தது, 2010க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. "நீங்கள்தான் காசு பார்ப்பீர்களே தம்பி, எண்ணிக் கொடுங்கள்" என்றார். உடைத்தோம். மொத்தம் 212 காசு. ஒன்பது கிராம் ஐந்து ரூபாய் மட்டும் 19! ஏழு மாதப் பொட்டலங்களைவிட இரண்டு அதிகம். அந்தப் பத்தொன்பதில் இரண்டு காமராஜர். சாய்சதுரம் இரண்டிலும் பளிச்சென்று இருந்தது. ஐந்து ரூபாயைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டேன். காசு கொடுத்துக் காசு வாங்கியதுதானே என்று மனைவி கேட்டாள். முகமதிப்புக்கு மாற்றுவது வாங்குவதாகாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன்.

ஆக, புழங்குகிற காசில் தேடியது பாதித் தப்பு. கனத்த காசு உருகாமல் மிஞ்சியிருந்தால் அது புழங்காத இடத்தில்தான் இருக்கும்: உண்டியல், தையல் டப்பா, சாமி அறைக் கிண்ணம். வாரம் இரண்டு பொட்டலத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டு, சொந்தக்காரர் வீடுகளில் பரணைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

வள்ளுவர் ஐந்து ரூபாய் கட்டம் காலியாகவே இருக்கிறது. அத்தை வீட்டில் பூனை வடிவ உண்டியல் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் நானே அதில் காசு போட்டிருக்கிறேன். ஆட்டிப் பார்த்தேன், சத்தம் கனமாகத்தான் வருகிறது. மூன்று வாரமாகக் கேட்கிறேன். பூனையை உடைக்க அத்தை சம்மதிப்பதாக இல்லை.