கறுப்பி ஆச்சி வீட்டுக்குப் போன கதை

போன மாசியில் மூன்று நாய்க்குட்டிகள் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தன. தாய் சாலையில் அடிபட்டுச் செத்துவிட்டது. நாய்க் காப்பகத்தில் அப்போது குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற தொற்றுநோய் பரவியிருந்ததால் தடுப்பூசி போடாத குட்டிகளை அங்கே வைக்க முடியாது. "வளர்க்க வீடு கிடைக்கும்வரை, இரண்டு மாதம் ஃபாஸ்டராக வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். குட்டிகளுக்கு ஐந்து வாரம் இருக்கும்.

முதல் சிக்கல் தரைதான். இரண்டாங்கட்டு முழுக்க ஆத்தங்குடிக் கல். குட்டிகள் எழுந்து நின்றாலே நான்கு காலும் நான்கு பக்கம் வழுக்கின. சாக்கை விரித்து, மேலே அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையை மடித்துப் போட்ட பிறகுதான் நடந்தன. பசும்பால் கொடுத்தது என் தவறு, மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு. மருத்துவர் சொல்லி, குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் என்று மாற்றியதும் நின்றது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறாவது வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் விட்டு அடுத்தது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால் குட்டிகளை வாசலில் விடவே இல்லை. நானும் செருப்பை முகப்பிலேயே கழற்றிவிட்டு, கால் கழுவித்தான் உள்ளே வருவேன்.

இதெல்லாம் பழகிவிட்டது. குட்டிகளுக்கு வீடு தேடியதுதான் கஷ்டம்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். சின்னவள் குட்டிகளோடு சேலையிலேயே படுத்துவிட்டாள். குட்டியை யாருக்குத் தருவது என்று காப்பகம்தான் முடிவு செய்யும். அங்கிருந்து பேசியவர் போனில் எடுத்த எடுப்பில் "கட்டிப்போடுவீங்களா?" என்றார். "பகல்ல ஆள் வந்து போற வீடு, கொஞ்ச நேரம் கட்டுவோம்" என்று இவர் உள்ளதைச் சொன்னார். "அப்ப உங்களுக்கு எதுக்கு நாய்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். பிள்ளைகள் முன்னால் அவர் முகம் சுண்டிப்போனது. நாள் முழுக்கக் கட்டிவைப்பது கொடுமைதான். அதை இரண்டு நிமிடம் பொறுமையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அடுத்த மாதம் காசு கொடுத்து ஒரு லாப்ரடார் வாங்கினாராம். அதைக் கட்டித்தான் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

ஆண் குட்டிகள் இரண்டும் காரைக்குடிக்குப் போயின. மிஞ்சியது கறுப்பி. பெட்டை என்றாலே நம் பக்கம் கை வைக்க மாட்டார்கள்.

அடுத்த வீட்டு ஆச்சிக்கு 71 வயது. பிள்ளைகள் சிங்கப்பூரில். சாயங்காலம் ஆனால் கறுப்பியைப் பார்க்க வந்துவிடுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அது ஓடிப்போய்க் கதவைப் பிராண்டும். ஆச்சிக்காகக் காப்பகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். "வயதானவர்கள், தனியாக இருப்பவர்களுக்குத் தருவதில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி வந்தது. "ஏத்தா, காயிதம் வந்துருச்சா?" என்று ஆச்சி தினமும் கேட்டார். மூன்று நாள் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அப்புறம் நானே காப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தேன்: ஆச்சிக்கு முடியாமல் போனால் கறுப்பி என் பொறுப்பு, கருத்தடைக்கும் நானே கூட்டிப்போவேன். ஆச்சி வீட்டைப் பார்க்கக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கிணற்றுக்கு வலை இருக்கிறதா, பின்கதவு சரியாகச் சாத்துகிறதா என்று எல்லாம் பார்த்தார். ஆச்சி கொடுத்த பால்பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, வாங்கிப் போனவர்கள் வளர்ந்த நாயைத் திருப்பிக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போன கதையைச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியது. கேள்விகள் ஏன் அவ்வளவு கடுமை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் தேவகோட்டைக்காரரிடம் பேசியது இந்தப் பெண்ணாக இருந்திருக்கலாம்.

போன வாரம் கறுப்பிக்குக் கருத்தடை முடிந்தது. தையல் ஆறும்வரை திண்ணையில் ஏறிக் குதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், ஆச்சி இப்போது பட்டாலையில் அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார்.